எம். சி. ராஜா

எம். சி. ராஜா (மயிலை சின்னத்தம்பி ராஜா, 1883 - 1943) சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கல்வியாளரும் அரசியல்வாதியும் ஆவார். தாழ்த்தப்பட்ட மக்களின் உரிமைக்காக உழைத்த தலைவர்களுள் ஒருவர். 1932 இல் நடந்த தேர்தல் முறை பற்றிய விவாதத்தில் இவர் முக்கியப் பங்கு வகித்தார்.

வாழ்க்கைக் குறிப்பு

ராஜா சென்னை பரங்கிமலையில் பிறந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று ஆசிரியரானார். 1916 இல் ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளரானார். 1920 இல் மாகாணச் சட்டமன்ற உறுப்பினரானார். பறையர், பஞ்சமர் ஆகிய பெயர்களுக்கு மாற்றாக ஆதிதிராவிடர் என்ற பெயர் அரசு ஆவணங்களில் இடம்பெற இவரது முயற்சி காரணமாயிற்று (1922). 1923 இல் நீதிக்கட்சியிலிருந்து விலகினார். பின்னர் நடுவண் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார்.

தேர்தல் முறை விவாதம்

தாழ்த்தப்பட்டோர் தம் பிரதிநிதிகளைத் தாமே தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அம்பேத்கரின் கோரிக்கை. தொடக்கத்தில் ராஜாவும் இதனை ஆதரித்தார். 1932 இல் நிலையை மாற்றிக்கொண்டு, இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேயுடன் ஓர் உடன்பாடு செய்தார். இடங்களை ஒதுக்கலாம், ஆனால் எல்லோரும் சேர்ந்தே வாக்களிக்க வேண்டும் என்பது அதன் சாரம். பிரிந்து நின்றால் சமூகப் பிளவு நிலைத்துவிடும் என்பது இத்தரப்பின் வாதம். பெரும்பான்மையினரின் தயவில் வெல்பவர் ஒடுக்கப்பட்டோருக்காகப் பேச முடியாது என்பது எதிர்த்தரப்பின் வாதம்.

இதே சிக்கலை ஆங்கிலேய மெய்யியலாளர் ஜான் ஸ்டுவர்ட் மில் 1861 இல் ஆராய்ந்து, சிறுபான்மையினரின் குரல் ஒலிக்க விகிதாசாரப் பிரதிநிதித்துவம் தேவை என்றார். அவர் எண்ணியது கருத்தால் அமையும் சிறுபான்மை. இந்தியாவில் அது பிறப்பால் அமைந்தது.

காந்தியின் உண்ணாநோன்பைத் தொடர்ந்து செப்டம்பர் 24, 1932 இல் பூனா ஒப்பந்தம் ஏற்பட்டது. அம்பேத்கர், ராஜா இருவரும் அதில் கையொப்பமிட்டனர். தாழ்த்தப்பட்டோருக்கு மாகாணச் சட்டமன்றங்களில் 148 இடங்கள் ஒதுக்கப்பட்டன. இவற்றுள் சென்னை மாகாணத்துக்குரியவை 30.

கோயில் நுழைவு மசோதா

1938 இல் ராஜா கோயில் நுழைவு மசோதாவைக் கொண்டுவந்தார். ராஜாஜியின் காங்கிரசு அரசு ஆதரவளிக்காததால் அது தோல்வியுற்றது. இதன்பின் பூனா ஒப்பந்தத்தின் மீது நம்பிக்கை இழந்த ராஜா, அம்பேத்கரின் நிலைப்பாட்டை நெருங்கினார். 1943 இல் காலமானார்.

தாக்கம்

ராஜா முதலில் ஆதரித்துப் பின்னர் ஐயுற்ற கூட்டு வாக்களிப்பு முறையே விடுதலைக்குப் பின் நிலைபெற்றது. வேலூர், ஆம்பூர் தோல் தொழில் வட்டாரத்திலுள்ள குடியாத்தம், கே. வி. குப்பம் சட்டமன்றத் தொகுதிகள் 2011 தேர்தல் முதல் தனித்தொகுதிகளாக உள்ளன. இவற்றில் பட்டியல் சாதியினர் மட்டுமே போட்டியிடலாம். ஆனால் அனைத்துச் சாதியினரும் வாக்களிக்கின்றனர்.