ஒரே பக்கமா சுத்தச் சொன்னது யாரு?

போன மாதம் சமய வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளை நவக்கிரகச் சந்நிதிக்கு அழைத்துப் போனேன். எல்லாரும் வரிசையாகச் சுற்றி வரும்போது ஒரு பொடியன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். அண்ணா, நீங்க சொன்னதால நாங்க ஒரே பக்கமா சுத்துறோம், வானத்துல கிரகங்களும் ஒரே பக்கமாதான் சுத்துதாம், அதுங்களுக்கு யாரு சொன்னா என்று கேட்டான். எல்லாம் சாமி செயல், பேசாம வரிசையில நில்லு என்று அதட்டிவிட்டேன். அவன் முகம் சுருங்கிப் போச்சு. மனசு கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து தேடினேன். அப்போதுதான் இதே கேள்வியோடு மல்லுக்கட்டிய ஒருவரைத் தெரிந்துகொண்டேன்.

அவர் இம்மானுவேல் கான்ட். 1724-இல் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தவர். அப்பா குதிரைகளுக்கு வார்ப்பட்டை தைக்கும் தொழிலாளி. பக்தி நிறைந்த வீடு. அம்மாதான் சின்ன வயதில் அவரை வெளியே அழைத்துப் போய் வானத்தைக் காட்டியவர். கான்டுக்கு 13 வயதானபோது அந்த அம்மா இறந்துவிட்டார். 21 வயதில் அப்பாவும் போய்விட்டார். கையில் காசில்லை. பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு, வசதியானவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சில ஆண்டுகள் டியூஷன் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தார்.

அப்போது தெரிந்த கிரகங்கள் ஆறு. ஆறும் சூரியனை ஒரே திசையில், கிட்டத்தட்ட ஒரே தளத்தில் சுற்றுகின்றன. சூரியன் தன்னைத்தானே சுற்றுவதும் அதே திசைதான். இதைக் கடவுளே நேரடியாகக் கை வைத்து அமைத்தார் என்று மாமேதை நியூட்டனே நம்பினார். அதற்கு மேல் கேட்க யாருக்குத் துணிச்சல் வரும்?

கான்ட் கேட்டார். 1755-இல் ஒரு நூல் எழுதினார். ஆதியில் கிரகங்கள் இல்லை, எங்கும் பரவிய துகள்கள்தான் இருந்தன. ஈர்ப்பால் அவை நடுவே குவிந்து சூரியன் ஆனது. மற்றவை தாறுமாறாகச் சுற்றி ஒன்றோடொன்று மோதின. எதிரெதிர் ஓட்டங்கள் அடங்கி, கடைசியில் ஒரே திசை ஓட்டம் மட்டும் தட்டையான வட்டாகத் தங்கியது. அந்த வட்டிலிருந்து திரண்டதால்தான் கிரகங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சுற்றுகின்றன என்றார்.

இது கடவுளை ஒதுக்குகிற பேச்சு என்று பழி வரும் என்பதும் அவருக்குத் தெரியும். வெறும் தூசி கூட இவ்வளவு ஒழுங்கான விதிக்குக் கட்டுப்படுகிறது என்றால், அந்த விதியே இறைவனுக்குச் சாட்சி என்று முன்னுரையிலேயே பதில் வைத்தார். ஆனாலும் நூலில் தன் பெயரைப் போடவில்லை.

பழி வரவில்லை. வாசகர்களும் வரவில்லை! பதிப்பாளர் திவாலாகிப் பிரதிகள் முடங்கிப் போயின. 1796-இல் பிரான்சின் லாப்லாஸ் தனியாகவே இதே போன்ற கருத்தைச் சொன்னார். பிறகுதான் இருவர் பெயரும் சேர்ந்து நிலைத்தது.

கான்ட் சொன்னதில் ஒரு பிழையும் உண்டு. சுழலாமல் கிடந்த துகள்களே மோதலால் சுழலத் தொடங்கின என்று நினைத்தார். உண்மையில் மேகத்துக்கு ஆரம்பத்திலேயே கொஞ்சம் சுழற்சி இருக்க வேண்டும். நடனமாடுபவர் சுழலும்போது கைகளை மடக்கினால் வேகம் கூடுகிறதல்லவா, அதுபோல மேகம் சுருங்கச் சுருங்க அந்தச் சுழற்சி வேகமெடுக்கிறது. மற்றபடி அவர் சொன்ன வட்டு உண்மை. 2014-இல் சிலியின் அல்மா தொலைநோக்கி, எச்.எல். டௌரி என்னும் இளம் விண்மீனைச் சுற்றி அப்படியொரு வட்டைத் தெளிவாகப் படம் பிடித்தது.

கான்ட் பேராசிரியர் ஆனது நாற்பதைத் தாண்டிய பிறகுதான். தத்துவ மேதையாக உலகம் கொண்டாட, 1804-இல் பிறந்த ஊரிலேயே கண்மூடினார்.

அடுத்த வகுப்பில் முதல் வேலையாக அந்தத் தம்பியைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். பிறகு கான்டின் கதையைச் சொன்னேன். சாமி செயல் என்று நான் சொன்னது தப்பில்லை. அதைச் சொல்லி அவன் வாயை அடைத்ததுதான் தப்பு. நண்பர்களே, உங்கள் வகுப்பிலும் ஒரு பொடியன் சட்டையைப் பிடித்து இழுப்பான். கொஞ்சம் நின்று கேளுங்கள்.