மொட்டைக் கடிதாசி எழுதாத எமிலி ஜோலா

ஒருவரைப் பிடிக்கவில்லை என்றால் மொட்டைக் கடிதாசி போடுவது நம் தோட்டப்புறங்களுக்குப் புதிதல்ல. எழுதியவன் பெயர் இருக்காது. எழுதப்பட்டவன் பெயர் மட்டும் நாறிப்போகும். பிரான்சு நாட்டில் ஓர் எழுத்தாளர் இதற்கு நேர்மாறாகச் செய்தார். பெரிய தளபதிகள்மீது பகிரங்கமாகக் குற்றம் சாட்டி, கீழே தம் பெயரையும் போட்டு, தம்மீது எந்தச் சட்டப்படி அவதூறு வழக்குத் தொடரலாம் என்பதையும் தாமே எழுதிக் கொடுத்தார். அவர்தான் எமிலி ஜோலா. அறிஞர் அண்ணா ஏழை பங்காளர் என்று தமிழருக்கு எடுத்துச் சொன்ன அதே ஜோலா.

பாரிசு நகரில் 2.4.1840இல் பிறந்தார். தகப்பனார் பிரான்சுவா ஜோலா இத்தாலியிலிருந்து வந்த பொறியாளர். எக்ஸ் நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வேலையைத் தொடங்கிய சமயத்தில், 1847இல் இறந்துபோனார். மகனுக்கு அப்போது ஏழு வயதுகூட நிரம்பவில்லை. தாயும் பிள்ளையும் வறுமையில் விழுந்தார்கள். பள்ளி இறுதித் தேர்வில் ஜோலா இரண்டு முறை தவறினார். (பரிசளிப்பு விழா மலரில் இதைச் சொல்லலாமா என்று கேட்காதீர்கள், நடந்தது அதுதான்.) 1862இல் ஒரு புத்தக நிறுவனத்தில் புத்தகக் கட்டுகள் கட்டும் வேலை கிடைத்தது. அங்கிருந்து எழுத்தில் மேலே வந்தார். 1884இல் அன்சான் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை நிறுத்தம் நடந்தபோது நேரில் போய், உள்ளே இறங்கிப் பார்த்தார். மறு ஆண்டு வந்த ஜெர்மினல் நாவல் பாட்டாளிகளின் புத்தகமாயிற்று.

அதே 1884இல்தான் பிரான்சில் அந்த அநியாயம் தொடங்கியது என்று நினைத்தால் பத்து வருடம் பிந்திப் பார்க்க வேண்டும். 1894ஆம் ஆண்டு அக்டோபரில் டிரைபஸ் என்ற யூத இனத்துப் படை அதிகாரி கைதானார். ஜெர்மானியருக்கு இரகசியம் விற்றார் என்பது குற்றச்சாட்டு. விசாரணை தொடங்கும் முன்பே பத்திரிகைகள் அவரைத் துரோகி ஆக்கிவிட்டன. யூதர்களை ஏசியே பிழைப்பு நடத்திய ஓர் ஏடு நவம்பர் முதல் தேதியே செய்தியைப் பெரிதாகப் போட்டது. டிசம்பரில் ஆயுள் தண்டனை. மனிதரைப் பேய்த்தீவுக்குக் கப்பலேற்றினார்கள். உண்மையில் அந்தக் காகிதத்தை எழுதியவன் எஸ்தர்ஹாசி என்ற வேறோர் அதிகாரி. 1896இல் இது தெரியவந்தும் மேலிடம் மூடி மறைத்தது.

ஜோலா சும்மா இருப்பாரா? 1897இல் பிகாரோ ஏட்டில் மூன்று கட்டுரை எழுதினார். சந்தாதாரர் விலகத் தொடங்கியதும் அந்த ஏடு கதவைச் சாத்திவிட்டது. 11.1.1898இல் எஸ்தர்ஹாசிக்கு விடுதலை. இரண்டே நாளில், 13ஆம் தேதி, லோரோர் ஏட்டின் முதல் பக்கத்தில் நாட்டுத் தலைவருக்கு ஜோலாவின் பகிரங்கக் கடிதம் வந்தது. குற்றம் சாட்டுகிறேன் என்று தலைப்பு. சுமார் 3 லட்சம் பிரதிகள் அச்சாயின. தளபதிகள், விசாரணை அதிகாரிகள், கையெழுத்து நிபுணர் மூவர் என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தார். எழுதியதெல்லாம் சரி என்று சொல்லிவிட முடியாது. பொய்ப் பத்திரம் தயாரித்த கர்னல் ஆன்றி அப்போது வெளிப்படாததால், பழியின் பெரும்பங்கை வேறோர் அதிகாரிமேல் வைத்துவிட்டார். ஆனால் ஒளிந்துகொண்டு எழுதவில்லை.

அரசாங்கம் தந்திரமாகக் கடிதத்தின் ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்து வழக்குப் போட்டது. டிரைபஸ் பேச்சு வந்தாலே நீதிபதி வாயடைத்தார். ஜோலாவுக்கு ஓராண்டுச் சிறை, 3,000 பிராங் அபராதம். ஏட்டின் பொறுப்பாளருக்கும் நான்கு மாதம். அந்தத் தீர்ப்பு ரத்தாகி, ஜூலையில் மறு விசாரணையிலும் தோற்றார். இரவு உடுப்பைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு லண்டனுக்குத் தப்பினார். கையெழுத்து நிபுணர்களும் மானநஷ்ட வழக்கில் ஜெயித்தார்கள். வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. முதலில் வந்த மேசையையே 32,000 பிராங்குக்கு அவருடைய நூல்களை வெளியிடுபவர் எடுத்ததால் ஏலம் அதோடு நின்றது.

இதையெல்லாம் தாங்கிய மனிதரை வேறொன்று உலுக்கியது. பத்து லட்சம் பிரதி விற்ற பெத்தி ஜூர்னால் ஏடு, அவருடைய தகப்பனார் பட்டாளத்தில் பணம் கையாடியவர் என்று எழுதியது. மகனைத் தாக்க, மண்ணுக்குள் போய் ஐம்பது வருடமானவரை இழுத்தார்கள். செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்ல முடியுமா? ஜோலா வழக்குத் தொடுத்து வென்றார். அதோடு விடவில்லை, ஊர் திரும்பிய பிறகு பழைய ஆவணங்களைத் தேடி எடுத்து, தகப்பனார் செய்த வேலைகளைப் பற்றி 1900இல் தாமே எழுதினார்.

1902 செப்டம்பர் 29இல் படுக்கையறைக் கணப்பின் புகைபோக்கி அடைத்து, நச்சுக் காற்றால் மாண்டார். வேண்டுமென்றே அடைத்தார்கள் என்ற சந்தேகம் இன்னும் தீரவில்லை. சவ ஊர்வலத்தில் சுரங்கத் தொழிலாளர் ஜெர்மினல், ஜெர்மினல் என்று முழங்கிக்கொண்டு போனார்கள்.

1906இல் டிரைபஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று. 1908இல் ஜோலாவின் உடல் எச்சங்களைப் பாந்தியோன் மண்டபத்துக்கு மாற்றிய விழாவில், கூட்டத்திலிருந்து ஒருவன் டிரைபசைச் சுட்டான். கையில் காயத்தோடு அவர் பிழைத்தார். சுட்டவன் ஒரு பத்திரிகைக்காரன். நீதிமன்றம் அவனை விடுதலை செய்தது.