கொழும்பின் காட்டுச் செடிகளை உலகறியச் செய்த போல் ஹேர்மன்

இலங்கையின் தாவரங்களை ஐரோப்பிய விஞ்ஞானிகள் அறியச் செய்தவர்களுள் முதன்மையானவர் போல் ஹேர்மன் ஆவார். இவர் ஜேர்மனியின் ஹாலே நகரில் 1646 ஆம் ஆண்டு பிறந்தார். இத்தாலியிலுள்ள பதுவா பல்கலைக்கழகத்தில் வைத்தியம் பயின்று 1670 இல் பட்டம் பெற்றார். அக்காலத்தில் மருந்து என்றால் பெரும்பாலும் செடிகொடிகளே. எனவே வைத்தியம் படித்தவர் தாவரவியலையும் படித்தே ஆகவேண்டும். ஹேர்மனுக்கோ இரண்டாவதே முதன்மையாகிவிட்டது.

ஒல்லாந்தர் 1656 இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றியிருந்தனர். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் வைத்தியராக ஹேர்மன் 1672 இல் கொழும்புக்கு வந்தார். அப்பொழுது அவருக்கு வயது 26. கண்டி இராச்சியத்தை இரண்டாம் இராஜசிங்கன் ஆண்ட காலம் அது. உள்நாட்டுக்குள் சென்ற ஐரோப்பியர் திரும்பி வருவது அரிது. இதே ஆண்டுகளில்தான் றொபேட் நொக்ஸ் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்தார். (வரலாற்றுப் பாடத்தில் இவர்கள் இருவரையும் தனித்தனியே படிப்பதால் சமகாலத்தவர் என்பதை மாணவர் பலர் கவனிப்பதில்லை.) ஆதலால் ஹேர்மன் மலைநாட்டுக்குச் செல்லவில்லை. கொழும்பையும் அதனை அண்டிய தாழ்நிலத்தையுமே தமது ஆய்வுக்களமாகக் கொண்டார்.

அவர் தேடியவை தோட்டத்துப் பூஞ்செடிகள் மட்டுமல்ல. சதுப்பு நிலம், வேலியோரம், வயல் வரம்பு ஆகியவற்றில் தாமாக முளைத்த செடிகளையும் அவர் சேகரித்தார். சேலையில் ஒட்டிக்கொள்ளும் நாயுருவி, நீலப்பூப் பூக்கும் விஷ்ணுகிராந்தி, வெண்ணிறப் பூவுடைய கொடிவேலி முதலியன அவரது சேகரிப்பில் உள்ளன. நாயுருவியைக் காண கிராண்ட்பாஸ் மாணவர்கள் தூரம் போகவேண்டியதில்லை. வெறும் வளவு எதிலும் அது நிற்கும்.

செடியைப் பறித்துத் தாள்களுக்கிடையே அழுத்தி உலர்த்திப் புத்தகமாகக் கட்டுவதே அன்றைய முறை. எமது ஈரக் காலநிலையில் இது எளிதன்று. பூஞ்சணமும் பூச்சியும் தாளையும் செடியையும் சேர்த்தே அழித்துவிடும். உலர்ந்த செடிக்கு நிறமும் போய்விடும். ஆகவே ஹேர்மனின் சேகரிப்பில் உலர்ந்த செடிகளுடன் சித்திரங்களும் சேர்க்கப்பட்டன. உள்ளூர் மக்கள் வழங்கிய சிங்களப் பெயர்களையும் கேட்டவாறே உரோம எழுத்தில் குறித்துக்கொண்டார். காடுமேடெல்லாம் கூடச் சென்று செடி காட்டி, பெயர் சொல்லிக் கொடுத்தவர்களின் பெயர்கள் மட்டும் வரலாற்றில் இடம்பெறவில்லை.

1680 இல் ஹேர்மன் ஒல்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியராகப் பதவியேற்றார். அங்குள்ள பூங்காவை ஐரோப்பாவின் சிறந்த பூங்காக்களுள் ஒன்றாக வளர்த்தார். 1687 இல் அப்பூங்காவின் தாவரப் பட்டியலை நூலாக வெளியிட்டார். குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் எண்ணும் 99 பூக்களில் முதலாவதாக வரும் காந்தளின் படமும் அந்நூலில் உண்டு.

அக்காலத்தில் படம் அச்சிடுவது பெரும் வேலை. செப்புத் தகட்டில் கூரிய உளியால் சித்திரத்தை இடவலம் மாற்றிச் செதுக்குவர். கோடுகளில் மையை நிரப்பி மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளையால் அழுத்துவர். கிடைப்பது கறுப்புக் கோட்டுப் படமே. நிறம் வேண்டியவர்கள் ஒவ்வொரு பிரதிக்கும் தூரிகையால் தனித்தனியே வர்ணம் பூசுவிக்க வேண்டும். அதனால் ஒரே நூலின் இரு பிரதிகளில் ஒரே பூ இரு நிறத்தில் இருக்கவும் கூடும். வர்ணம் பூசியவர் உயிருள்ள செடியைக் கண்டிராதபோது தவறு நேர்வது இயல்பே. இன்று பழம்பொருள் விற்பனையாளர் பெருவிலை கூறும் கைவண்ணப் படங்களைப் பார்க்கும்போது இதை நினைவிற் கொள்க.

இலங்கைச் செடிகள் பற்றிய தமது நூலை ஹேர்மன் அச்சில் காணவில்லை. 1695 ஜனவரியில், 48 வயதில், அவர் காலமானார். அவரது கையெழுத்துப் பிரதிகளை ஆங்கிலத் தாவரவியலாளரான வில்லியம் ஷெராட் பதிப்பித்தார். 1698 இல் ஒரு நூலும், 1717 இல் சிங்களப் பெயர்களுடன் கூடிய இலங்கைத் தாவரப் பட்டியலும் வெளிவந்தன. 1737 இல் அம்ஸ்டர்டாமில் யொஹான்னஸ் பேர்மன் செப்புத் தகட்டுப் படங்களுடன் இலங்கைத் தாவர நூலொன்றை வெளியிட்டார். அதற்கும் ஹேர்மனின் சேகரிப்புப் பயன்பட்டது. ஆனால் கொழும்பிலே உலர்த்திய செடிகளின் மூலத் தொகுதி எங்கே போயிற்று என்று எவருக்கும் தெரியாதிருந்தது.

சுமார் அரை நூற்றாண்டின் பின் அது டென்மார்க்கில் வெளிப்பட்டது. அந்நாட்டு அரச மருந்தாளரான கியுந்தர் என்பவர் 1744 இல் அதனைச் சுவீடனிலிருந்த லினேயஸுக்கு அனுப்பினார். ஐந்து தொகுதிகள், சேகரித்தவர் பெயர் இல்லை. அவை ஹேர்மனுடையவை என லினேயஸ் கண்டறிந்தார். உலர்ந்து சிதைந்த பூக்களை இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்து 1747 இல் ‘புளோரா செய்லானிக்கா’ என்னும் நூலை வெளியிட்டார். (இந்நூலை எழுதியவர் ஹேர்மன் எனச் சில மாணவர்கள் எழுதுகின்றனர். அது தவறு. சேகரித்தவர் ஹேர்மன், நூலாசிரியர் லினேயஸ்.) 1753 இல் லினேயஸ் தாவரங்களுக்கு இரு சொற்களால் பெயரிட்டபோது, இலங்கைச் செடிகள் பலவற்றுக்கு இத்தொகுதியே ஆதாரமாயிற்று. கொடிவேலியின் விஞ்ஞானப் பெயரான ‘பிளம்பாகோ செய்லானிக்கா’ என்பதில் உள்ள இரண்டாம் சொல் எமது நாட்டையே குறிக்கின்றது. ஹேர்மனின் நினைவாக ஒரு தாவரச் சாதிக்கு ‘ஹேர்மன்னியா’ என்ற பெயரும் வழங்குகின்றது.

பின்னர் அத்தொகுதிகள் கைமாறி, ஆங்கிலேயரான ஜோசப் பாங்ஸிடம் சென்று, இறுதியில் பிரித்தானிய நூதனசாலையை அடைந்தன. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக இருந்த ஹென்றி ட்ரைமன் 1880களில் இலண்டனில் அவற்றைத் தாள் தாளாக ஆராய்ந்து, எச்செடி எது எனத் தெளிவாக்கிக் கட்டுரை எழுதினார். ஹேர்மன் கொழும்பிலே பறித்த நாயுருவி இன்றும் இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில், அவர் ஒட்டிய தாளிலேயே இருக்கின்றது.