நடிகர்களைப் படம் பிடித்த நெப்போலியன்

நெப்போலியன் என்றால் நமக்கு வாட்டர்லூ போர்தான் நினைவுக்கு வரும். நான் சொல்ல வந்தது நெப்போலியன் சரோனி என்ற புகைப்படக்காரரைப் பற்றி. சக்கரவர்த்தி நெப்போலியன் மறைந்த அதே 1821-இல் கனடாவின் கியூபெக்கில் பிறந்தவர்.

இளம் வயதிலேயே நியூயார்க் வந்து, கல்லச்சுக்குப் படம் வரையும் தொழிலைக் கற்றார். 1846-இல் கூட்டாக ஒரு அச்சகம் தொடங்கினார். நன்றாக ஓடிய தொழிலை 1858-இல் விட்டுவிட்டு ஐரோப்பா போனார். இங்கிலாந்தில் ஸ்டூடியோ வைத்திருந்த சகோதரர் ஆலிவரைப் பார்த்து, பர்மிங்காமில் தானும் ஒன்று வைத்தார். பிறகு நியூயார்க் திரும்பி, 1871 முதல் 37, யூனியன் ஸ்கொயர் என்ற முகவரியில் நிலைத்தார்.

விக்டோரியா மகாராணி காலத்தில் நாடக நடிகர்களின் படங்களைச் சேர்ப்பது பலருக்குப் பைத்தியமாகவே இருந்தது. முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளில் அச்சிட்டு, சுமார் நாலேகால் அங்குலத்துக்கு ஆறரை அங்குல கெட்டி அட்டையில் ஒட்டி விற்பார்கள். கேபினட் கார்டு என்று பெயர். வாங்கியவர்கள் ஆல்பத்தில் செருகி, வந்த விருந்தாளிகளுக்கெல்லாம் காட்டுவார்கள்.

இதில் வரவு செலவுதான் எனக்குச் சுவாரஸ்யம். சாதாரண ஆள் படமெடுக்கப் போனால் ஸ்டூடியோவுக்குப் பணம் கொடுக்க வேண்டும். பெரிய நடிகை வந்தால் தலைகீழ்! படத்தை விற்கும் உரிமைக்காக ஸ்டூடியோக்காரர் கொடுக்க வேண்டும். சாரா பெர்னார்டுக்குச் சரோனி 1,500 டாலர் கொடுத்தார் என்பார்கள். அட்டை விற்றால்தான் அந்த முதல் திரும்பும். வேறொருவன் நகலெடுத்து விற்றால் போட்ட பணம் போச்சு.

அப்படித்தான் நடந்தது. 1882 ஜனவரியில், சொற்பொழிவுப் பயணமாக அமெரிக்கா வந்த இளம் ஆஸ்கார் வைல்டைச் சரோனி படமெடுத்தார். வெல்வெட் கோட்டு, முழங்கால் வரை கால்சட்டை, பட்டுக் காலுறை, கையில் புத்தகம். அந்த வரிசையில் 18-ஆம் எண் படத்தை பர்ரோ-கைல்ஸ் என்ற அச்சு நிறுவனம் அனுமதியில்லாமல் 85,000 பிரதி அடித்துவிட்டது.

சரோனி வழக்குப் போட்டார். எதிர்த்தரப்பு வாதம் லேசானதல்ல. கேமரா ஒரு இயந்திரம், எதிரில் இருப்பதை அப்படியே பதிகிறது, இதில் ஆசிரியர் எங்கே வந்தார் என்றார்கள். போதாததற்கு, சரோனி ஸ்டூடியோவில் கேமராவை இயக்கியவர் பெஞ்சமின் ரிச்சர்ட்சன் என்ற உதவியாளர். சரோனியின் வேலை உட்கார வைப்பது, உடையையும் திரையையும் தேர்வது, வெளிச்சத்தை அமைப்பது, முகத்தில் பாவத்தை வரவழைப்பது.

அதுவே படைப்புதான் என்று 1884 மார்ச் 17-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. புகைப்படத்துக்கும் காப்புரிமை உண்டு என்பது அங்கே நிலைபெற்றது. சரோனிக்குக் கிடைத்தது 610 டாலர். கணக்குப் போட்டுப் பார்த்தேன், அடித்த பிரதி ஒன்றுக்கு ஒரு சென்ட்கூடத் தேறவில்லை. இருந்தாலும் பணத்தைவிடத் தீர்ப்புதான் பெரியது என்பது என் கட்சி. நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் யார் எடுத்த படம் என்றே தெரியாமல் சுற்றுகிறதே, அவற்றுக்கும் ஒரு உரிமையாளர் இருக்கிறார்.

சரோனி 1896-இல் காலமானார். அவர் அட்டைகளை இன்றும் தேடி வாங்குகிறார்கள். படத்துக்குக் கீழே அவர் கையெழுத்து கொட்டையாகச் சாய்ந்து ஓடும். ரிச்சர்ட்சன் பெயரை அங்கே தேடிப் பயனில்லை.