நடுக்கடலில் மறைந்த டீஸல்

லாரிக்கும் பஸ்ஸுக்கும் டிராக்டருக்கும் உயிர் கொடுப்பது டீஸல். பெட்ரோல் பங்கில் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் அந்தப் பெயரைச் சொல்லுகிறார்கள். ஆனால் அது முதலில் எண்ணெயின் பெயராக இருக்கவில்லை. ஒரு மனிதரின் பெயர் அது. எண்ணெய்க்குத் தம் பெயரை விட்டுவிட்டு, ஓர் இரவில் கப்பலிலிருந்து காணாமற் போனவர் அவர்.

அமெரிக்காவில் இன்று ஓடும் டீஸல் பிக்கப் வண்டிகள் சிலவற்றில் எண்ணெய் டாங்குக்குத் திருகு மூடியே கிடையாது. டாங்கின் வாயில் வில் வைத்த சிறு தகட்டுக் கதவு ஒன்று இருக்கிறது. அந்நாட்டில் டீஸல் பம்பின் குழாய் முனை சுமார் 24 மில்லி மீட்டர் பருமன். பெட்ரோல் பம்பின் முனை சுமார் 21 மில்லி மீட்டர்தான். பருத்த முனையை நுழைத்தால் கொக்கிகள் ஒருங்கே விலகிக் கதவு திறக்கும். மெல்லிய முனையை நுழைத்தால் கதவு அசையாது. தவறியும் பெட்ரோல் உள்ளே போகக் கூடாது என்பதற்காக இந்தக் காவல். டீஸலில் உள்ள வழவழப்பு பெட்ரோலில் இல்லை. அது உள்ளே சென்றால் எண்ணெயை அழுத்தித் தள்ளும் விலை உயர்ந்த பம்ப் தேய்ந்து நாசமாகிவிடும்.

இப்படி ஒரே எண்ணெய்க்கு மட்டும் வாய் திறக்கும் வண்டியைப் பார்த்தால் ருடால்ப் டீஸல் வியப்படைந்திருப்பார். ஏனெனில், எதைக் கொடுத்தாலும் ஏற்றுக்கொண்டு உழைக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்ய வேண்டும் என்பதே அவருடைய கனவாக இருந்தது.

தள்ளுவண்டிச் சிறுவன்

1858-ம் ஆண்டு மார்ச் 18-ந் தேதி பாரிஸ் நகரில் ருடால்ப் பிறந்தார். தாய் தந்தையர் ஜெர்மனியின் பவேரியாப் பகுதியிலிருந்து வந்தவர்கள். தந்தை தியோடர் புத்தகம் கட்டும் தொழிலாளி; பிறகு தோல் சாமான்கள் செய்து விற்றார். வருமானம் கைக்கும் வாய்க்கும் சரியாக இருந்தது. செய்த சாமான்களைத் தள்ளுவண்டியில் வைத்து வாடிக்கைக்காரர் வீடுகளுக்குக் கொண்டு போவது பையன் ருடால்பின் வேலை. ஓய்வு கிடைத்தால் அவன் தொழிற்கலைக் காட்சிசாலைக்கு ஓடிவிடுவான். அங்கே இருந்த பழைய நீராவி வண்டியைப் பார்த்துப் படம் வரைந்துகொண்டிருப்பான்.

1870-ல் பிரான்ஸுக்கும் ஜெர்மானியருக்கும் போர் மூண்டது. ஜெர்மானியர் பாரிஸில் இருக்க முடியவில்லை. குடும்பம் லண்டனுக்கு ஓடியது. அங்கே வறுமை இன்னும் மோசம். பன்னிரண்டு வயதுப் பையனை ஆக்ஸ்பர்க் நகரிலிருந்த உறவினரிடம் தனியே அனுப்பி வைத்தார்கள். அந்த உறவினர் கணித ஆசிரியர். தாய் தந்தையரைப் பிரிந்த பையனுக்குப் படிப்பே துணை ஆயிற்று. பதினான்காவது வயதிலேயே, தான் என்ஜினியர் ஆகப் போவதாகப் பெற்றோருக்குக் கடிதம் எழுதிவிட்டான்.

காற்றில் பிறந்த நெருப்பு

ஆக்ஸ்பர்க் தொழிற்பள்ளியில் ஒரு சிறு கருவி இருந்தது. கண்ணாடிக் குழாய், அதற்குள் அழுத்தும் தண்டு. தண்டை ஓங்கி ஓர் அழுத்து அழுத்தினால், குழாயின் அடியில் வைத்த பஞ்சு தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். மலாய் நாட்டிலும் பர்மாவிலும் மூங்கிலிலும் மரத்திலும் இதைப் போன்ற கருவி செய்து நெருப்பு மூட்டுவது பழைய வழக்கம். சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் அதன் அடிப்பாகம் சுடுகிறது அல்லவா? காற்றை நெருக்கினால் சூடு பிறக்கும் என்பதே இதன் இரகசியம். மாணவன் ருடால்பின் மனத்தில் இது பதிந்துவிட்டது.

உதவிச் சம்பளம் பெற்று மியூனிக் பாலிடெக்னிக்கில் சேர்ந்தார். குளிர் சாதன இயந்திரங்களுக்குப் புகழ் பெற்ற கார்ல் லிண்டே அவருடைய ஆசிரியர். அக்காலத்து நீராவி இயந்திரம், நிலக்கரியின் சூட்டில் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவே வேலையாக மாற்றிற்று; மற்றதெல்லாம் வீண் என்பதை அங்கே கற்றார். இந்த வீணைத் தடுப்பதே தம் வாழ்நாள் வேலை என்று உறுதி கொண்டார். 1880-ல் மிக உயர்ந்த மதிப்பெண்களுடன் தேறி, பாரிஸில் லிண்டேயின் பனிக்கட்டித் தொழிற்சாலையில் வேலைக்கு அமர்ந்தார். 1883-ல் மார்த்தாவை மணந்தார். மூன்று குழந்தைகள் பிறந்தன.

இன்னொரு வேதனையும் அவர் நெஞ்சை அரித்தது. பெரிய நீராவி இயந்திரத்தை வாங்கப் பெரும் பணக்காரர்களால்தான் முடிந்தது. நெசவாளி, தச்சர், தம் தந்தையைப் போன்ற கைத்தொழிலாளி ஆகியோர் ஆலைகளின் முன் நிற்க முடியாமல் நசிந்தார்கள். அவர்கள் சிறு பட்டறையில் வைத்துக்கொள்ளக் கூடிய, மலிவான எந்தப் பொருளிலும் ஓடக் கூடிய இயந்திரம் வேண்டும் என்று நினைத்தார். 1893-ல் வெளியிட்ட நூலில் நிலக்கரித் தூளைக் கூட எரிபொருளாகக் கணக்கிட்டார். அவ்வாண்டே அவருடைய பேடண்டு உரிமையும் ஊர்ஜிதமாயிற்று.

ஒரு நிமிட ஓட்டம்

ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலை சோதனைக்கு இடம் கொடுத்தது. குரூப் கம்பெனி பண உதவி செய்தது. 1893 ஆகஸ்ட் 10-ந் தேதி, மூன்று மீட்டர் உயர இயந்திரத்துக்குள் முதன் முதலாக எரிபொருள் செலுத்தப்பட்டது. அன்று செலுத்தியது பெட்ரோல்! பயங்கர வெடிச் சத்தம் கேட்டது. அழுத்தத்தை அளக்கும் கருவி சுக்கு நூறாகச் சிதறியது. டீஸல் தலை தப்பியது. ஆனால் அவர் மகிழ்ந்தார். தீப்பொறி இல்லாமலே எரிபொருள் பற்றிக்கொண்டதே!

1894 பிப்ரவரி 17-ந் தேதி இயந்திரம் தன் பலத்தில் ஒரு நிமிடம் ஓடியது. ஒரு நிமிடத்தைப் பல மணி நேரமாக்க மேலும் மூன்று ஆண்டுகள் பிடித்தன. 1897 பிப்ரவரி 17-ந் தேதி மியூனிக் பேராசிரியர் ஷ்ரோட்டர் வந்து சோதித்தார். சுமார் 18 குதிரைச் சக்தியுள்ள அந்த இயந்திரம், எரிபொருளின் சூட்டில் நூற்றுக்கு 26 பங்குக்கு மேல் வேலையாக மாற்றிற்று. உலகில் அதுவரை எந்த இயந்திரமும் அதைச் செய்ததில்லை.

செல்வம் வந்து குவிந்தது. அமெரிக்க உரிமையை அடால்பஸ் புஷ் என்ற பீர் முதலாளி பத்து லட்சம் மார்க்குக்கு வாங்கினார். 1898-ல் கெம்ப்டன் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை டீஸல் இயந்திரத்தை வாங்கி வைத்தது. அது தீப்பெட்டித் தொழிற்சாலை! தீக்குச்சி தேவையில்லாத இயந்திரம் தீக்குச்சி செய்யப் போயிற்று.

1900-ல் பாரிஸ் கண்காட்சியில் டீஸல் இயந்திரத்துக்கு முதற் பரிசு கிடைத்தது. அங்கே ஓர் இயந்திரம் கடலை எண்ணெயில் ஓடியது. ஆப்பிரிக்காவில் விளையும் கடலையைக் கொண்டு அங்கேயே இயந்திரங்களை ஓட்ட முடியுமா என்று பிரெஞ்சு அரசாங்கம் அறிய விரும்பியதன் விளைவு இது. பார்த்தவர்களில் பலர் வேற்றுமையைக் கவனிக்கவே இல்லை. விதைகளிலிருந்து கிடைக்கும் எண்ணெய் ஒரு காலத்தில் மண்ணெண்ணெய்க்கு நிகராகலாம் என்று டீஸல் 1912-ல் கூறினார்.

செல்வமும் சிலுவையும்

இயந்திரத்தைக் கணக்கிட்டவருக்குத் தம் வரவு செலவைக் கணக்கிடத் தெரியவில்லை. மியூனிக்கில் அரண்மனை போன்ற வீடு கட்டினார். நிலங்களில் பணத்தைப் போட்டு இழந்தார். எண்ணெய்க் கிணறுகளிலும் நஷ்டம். பேடண்டு வழக்குகள் ஓயவில்லை. விற்ற இயந்திரங்கள் பழுதாகும் போதெல்லாம் பழி அவர் தலையில் விழுந்தது. தலைவலியும் நரம்புத் தளர்ச்சியும் வாட்டி, 1898-லேயே வைத்திய விடுதியில் தங்க நேர்ந்தது. 1903-ல் தொழிலாளர் கூட்டுறவைப் பற்றி அவர் எழுதிய நூலை வாங்குவாரில்லை.

இயந்திரமோ அவரை விட்டு விட்டு வளர்ந்தது. சிறு பட்டறைக்கு அல்ல, பெரிய தொழிற்சாலைகளுக்கும் கப்பல்களுக்கும் போயிற்று. 1912-ல் செலாண்டியா என்ற டேனிஷ் கப்பல் டீஸல் இயந்திரங்களின் பலத்தில் கோபன்ஹேகனிலிருந்து பாங்காக் வரை சென்றது.

1913 செப்டம்பர் 29-ந் தேதி மாலை, ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் டீஸல் ஏறினார். லண்டனில் ஒரு கம்பெனிக் கூட்டம். இரு நண்பர்களும் உடன் இருந்தனர். இரவு உணவுக்குப் பின் மேல் தளத்தில் உலவினார்கள். பத்து மணியளவில் காலையில் ஆறே கால் மணிக்கு எழுப்பும்படி சொல்லிவிட்டு அறைக்குப் போனார்.

காலையில் அறை வெறுமையாக இருந்தது. படுக்கை கலையவில்லை. இரவு உடை விரித்தபடியே கிடந்தது. கைக்கடியாரம் படுக்கையிலிருந்து பார்க்கும்படி வைக்கப்பட்டிருந்தது. கப்பலின் பின் தளத்தில், கம்பி அருகே அவருடைய தொப்பியும் மடித்த மேலங்கியும் இருந்தன. டைரியில் அந்தத் தேதிக்கு எதிரே ஒரு சிறு சிலுவைக் குறி.

சில நாட்களுக்குப் பின் டச்சுப் படகுக்காரர் கடலில் ஒரு சடலத்தைக் கண்டனர். சட்டைப் பையிலிருந்த சாமான்களை எடுத்துக்கொண்டு சடலத்தைக் கடலிலேயே விட்டனர். மூக்குக் கண்ணாடிக் கூடு முதலியவற்றை மகன் யூஜின் பார்த்து, தந்தையுடையவை என்று அடையாளம் சொன்னார்.

கொலை என்றும், உளவாளிகள் வேலை என்றும் வதந்திகள் பறந்தன; ருசு ஏதும் கிடைக்கவில்லை. புறப்படும் முன் மனைவியிடம் ஒரு பையைக் கொடுத்து, அடுத்த வாரம்தான் திறக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். அதில் 20,000 மார்க் ரொக்கமும், பாங்கில் பணமே இல்லை என்று காட்டும் தாள்களும் இருந்தன. கடனும் மனச் சோர்வும் அவரைக் கடலில் தள்ளின என்றே அவர் வரலாற்றை ஆராய்ந்தவர்களில் பெரும்பாலோர் கருதுகின்றனர். அப்போது அவருக்கு வயது 55.

பெயர் நிலைத்தது

டீஸல் லாரிகள் 1923, 1924-ம் ஆண்டுகளில்தான் விற்பனைக்கு வந்தன. 1927-ல் ராபர்ட் பாஷ் கம்பெனி எண்ணெய்ப் பம்புகளை ஏராளமாகச் செய்யத் தொடங்கியதும் சிறு வண்டிகளுக்கும் வழி திறந்தது. அந்தப் பம்பின் வம்சத்தைச் சேர்ந்ததைக் காப்பாற்றவே இன்று பிக்கப் வண்டியின் வாயில் தகட்டுக் கதவு காவல் நிற்கிறது.

அவர் ஓட்டிப் பார்த்த கடலை எண்ணெயை இந்த நுண்ணிய இயந்திரத்தில் அப்படியே ஊற்ற முடியாது. ஆனால் தாவர எண்ணெயைப் பக்குவப்படுத்தி டீஸலுடன் கலப்பது பல நாடுகளில் நடைமுறையாகிவிட்டது. வயலில் விளைவது இயந்திரத்துக்கு உணவாகும் என்று அவர் சொன்னது இந்த அளவுக்குப் பலித்திருக்கிறது. கைத்தொழிலாளியின் பட்டறைக்காக அவர் நினைத்த இயந்திரமும், சிற்றூர்களில் மாவு மில்லிலும் பம்பு செட்டிலும் காலப்போக்கில் போய்ச் சேர்ந்தது. அதைக் காண அவர்தான் இல்லை.