வலி என்னும் காவலன்

நுழையும்முன்

ஓடத் தொடங்கும் எவரும் முதலில் சந்திப்பது வலியை. அதைப் பொறுத்துக்கொள்வதா, அதற்குப் பணிந்து நிற்பதா என்பது அடுத்து எழும் வினா. தம் வாழ்நாள் முழுவதும் கால்களையும் கைகளையும் ஆராய்ந்து அவ்வினாவுக்கு விடை கண்ட மருத்துவரின் வாழ்க்கையை இப்பாடம் விளக்குகிறது.

கதிரவன் எழுமுன்னரே சாந்தோம் கடற்கரைப் பகுதி விழித்துக்கொள்கிறது. கலங்கரை விளக்கத்தை ஒட்டியும் பட்டினப்பாக்கம் மணற்பரப்பிலும் நடப்போரும் ஓடுவோரும் காலையில் திரள்கின்றனர். அவர்களுள் புதிதாக ஓட்டப் பயிற்சியைத் தொடங்கியோரும் உண்டு. முதல் வாரத்திலேயே குதிகால் நோகிறது. விரலோரத்தில் கொப்புளம் எழுகிறது. சிலர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுகின்றனர்; சிலர் ஓட்டத்தையே கைவிடுகின்றனர். இரு சாராரும் வலியைப் பகையாகவே கருதுகின்றனர். வலி பகையன்று, உடலின் காவலன் என்பதை உலகுக்கு உணர்த்தியவர் தமிழ்நாட்டின் மலையொன்றில் பிறந்தவர். வெறுங்காலுடன் ஓடி வளர்ந்தவர். அவர்தாம் மருத்துவர் பால் பிராண்ட்.

கொல்லிமலைச் சிறுவன்

பால் பிராண்ட் 1914ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்தார். தந்தை ஜெஸ்ஸி பிராண்ட், தாய் ஈவ்லின் பிராண்ட் ஆகிய இருவரும் இங்கிலாந்திலிருந்து வந்து மலைவாழ் மக்களிடையே தொண்டாற்றியவர்கள். மரமேறுவதும் பாறைகளில் தாவுவதும் அச்சிறுவனின் விளையாட்டுகள். முள் தைத்தால் கால் தானாகவே பின்வாங்கும். கல் உறுத்தினால் அடியின் போக்கே மாறும். காலின் அந்த அறிவு எத்துணை அரியது என்பதைப் பிற்காலத்தில் அறியப்போகிறோம் என அன்று அவர் எண்ணியிருக்கமாட்டார்.

ஒன்பதாம் வயதில் கல்வியின்பொருட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929இல் தந்தை கொல்லிமலையிலேயே காய்ச்சலால் இறந்த செய்தி அவரை எட்டியது. பள்ளிப் படிப்புக்குப்பின் கட்டடத் தொழிலும் தச்சும் கற்றார். மரத்தையும் கல்லையும் கையாண்ட பழக்கம், பொருளின்மீது அழுத்தம் எவ்வாறு பரவுகிறது என்பதை அவருக்குக் கற்பித்தது. பின்னர் இலண்டனில் மருத்துவம் பயின்றார். இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சால் காயமுற்றோர்க்கு அறுவை மருத்துவம் செய்தார். பின்னாளில் கண் மருத்துவராகப் பணியாற்றிய மார்கரெட்டை மணந்தார். 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றத் தாயகம்போன்ற தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்.

செங்கல்பட்டில் எழுந்த வினா

1947ஆம் ஆண்டளவில் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்ற பிராண்ட், அங்கு மருத்துவர் ராபர்ட் காக்ரேனுடன் நோயாளிகளைக் கண்டார். விரல்கள் மடங்கிய கையொன்றைப் பற்றியபோது, அக்கை அவர் கையை இறுக்கிப் பிடித்தது. செயலிழந்ததாகத் தோன்றிய கையில் இத்துணை வலிமையுள்ள தசைகள் எஞ்சியிருப்பது அவரை வியப்பில் ஆழ்த்தியது. நல்ல தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தி மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை முறையைத் தொழுநோயாளர்க்கு அவர் பயன்படுத்தினார். ஒதுக்கப்பட்டவர்கள் மீண்டும் எழுதுகோலையும் உளியையும் பிடித்தனர்.

ஆயினும் சீர்செய்த கைகளிலும் கால்களிலும் மீண்டும் மீண்டும் புண்கள் தோன்றின. தொழுநோய் சதையை அரித்துத் தின்கிறது என்பதே அக்காலத்து நம்பிக்கை. பிராண்டும் உடன் பணியாற்றியோரும் ஒவ்வொரு புண்ணின் காரணத்தையும் தேடினர். சூடான பாத்திரம், கரடுமுரடான கைப்பிடி, செருப்பினுள் புகுந்த ஆணி எனக் காரணங்கள் வெளிப்பட்டன. நோய் நரம்பைத் தாக்கி உணர்வைப் பறிக்கிறது. உணர்வற்ற உறுப்பை அன்றாட வாழ்க்கையே சிதைக்கிறது என்பதை அவர் நிறுவினார்.

கணுக்கால் பிறழ்ந்த நிலையில், எலும்பு தரையில் படுவதையும் அறியாமல் ஒரு நோயாளி ஓடிவந்த காட்சி அவர் நெஞ்சைவிட்டு அகலவில்லை. ஓடுவதற்குக் கால் இருந்தது. போதும் நில் என்று சொல்வதற்கு வலி இல்லை.

ஓர் இரவு

இவ்வுண்மை பிராண்டின் வாழ்விலும் ஓர் இரவு நேரில் வந்து நின்றது. நெடும்பயணம் முடித்து இலண்டனில் ஒரு விடுதியில் தங்கியபோது, காலுறையைக் கழற்றிய அவர் தம் குதிகாலில் உணர்வில்லை என்பதைக் கண்டார். ஊசியால் குத்தினார், குருதி கசிந்தது, வலிக்கவில்லை. தொழுநோய் தம்மையும் பற்றியது என அஞ்சி, மனைவி மக்களைப் பிரிந்து வாழவேண்டிய நிலையை எண்ணி இரவைக் கழித்தார். விடிந்ததும் மீண்டும் குத்திப் பார்த்தார். சுரீரென வலித்தது. தொடர்வண்டியில் நெடுநேரம் அமர்ந்திருந்ததில் நரம்பு அழுந்தி மரத்துப்போனதே காரணம் எனத் தெளிந்தார். அன்றுமுதல் வலியை நன்றியோடு எண்ணும் இயல்பு அவருள் வேரூன்றியது.

மென்மையான செருப்பு

வலி காக்காத காலைச் செருப்பு காக்கவேண்டும் என்று பிராண்ட் முடிவு செய்தார். காலணி செய்வோரையும் பொறியியல் அறிந்தோரையும் துணைக்கொண்டார். உடலின் எடை ஒரே இடத்தில் குவியாமல் பாதம் முழுவதும் பரவவேண்டும் என்பதே அவர்தம் நோக்கம். நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மென்ரப்பர் அதற்கு ஏற்றதாக அமைந்தது. வேலூரை அடுத்த கரிகிரி தொழுநோய் ஆய்வு நிலையத்தில் அத்தகைய காலணிகள் உருவாகின. எளிய செருப்பு ஒன்று பலருடைய கால்களைக் காத்தது.

அடிகள் கற்பித்த பாடம்

1966இல் பிராண்ட் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கு அவர் செய்த ஆய்வுகள் ஓடுவோர் அனைவருக்கும் உரியன. ஒருமுறை தாங்கத்தக்க சிறிய அழுத்தத்தை எலியின் பாதத்தில் நாள்தோறும் பல்லாயிரம் முறை கொடுத்தபோது, பாதம் சிவந்து வீங்கிச் சில நாள்களில் புண்ணானது. அதே அழுத்தத்தை எண்ணிக்கை குறைத்து, இடையிடையே ஓய்வும் தந்தபோது, பாதத்தின் தோல் தடித்து வலுப்பெற்றது. அழிவும் ஆக்கமும் ஒரே அழுத்தத்தால் விளைந்தன. வேறுபாடு எண்ணிக்கையிலும் ஓய்விலும் இருந்தது.

நலமுள்ள ஒருவர் நெடுந்தொலைவு ஓடும்போது, களைத்த இடத்திலிருந்து எடையை வேறிடத்துக்கு மாற்றி, அவர் அறியாமலே அடிவைக்கும் முறையை உடல் திருத்திக்கொள்வதையும் அவர் கண்டார். உணர்விழந்தவரின் கால் முதல் அடியைப் போலவே இறுதி அடியையும் வைத்தது. ஒரே இடம் தேய்ந்து புண்ணாயிற்று. இவ்வறிவு நீரிழிவால் கால் உணர்வை இழந்தோரின் பாதுகாப்புக்கும் வழிகாட்டியது.

தெரிந்து தெளிவோம்

புதிதாக ஓடத் தொடங்குவோர் நடையும் ஓட்டமும் கலந்து தொடங்குதல் நன்று. தொலைவைச் சிறிது சிறிதாகவே கூட்டவேண்டும். ஓட்ட நாள்களுக்கிடையே ஓய்வு நாள் வேண்டும். விரல்நுனிக்கு இடம் விட்டு, குதிகால் நழுவாத காலணி ஏற்றது. ஓடி முடித்தபின் உள்ளங்காலைக் கண்ணால் பார்த்துக் கையால் தொட்டறிதல் வேண்டும். சிவப்போ வெப்பமோ தணியாத இடம் ஓய்வை வேண்டுகிறது. விரலிடுக்கின் ஈரத்தைத் துடைத்தல் இன்றியமையாதது. நடையை மாற்றச் செய்யும் வலியோடு ஓடலாகாது. நீரிழிவு உடையோரும் காலில் மரப்பு உடையோரும் மருத்துவரைக் கலந்தபின்னரே ஓடத் தொடங்கவேண்டும்.

நிறைவு

மருத்துவத் தொண்டுக்காக 1960இல் லாஸ்கர் விருது பிராண்டுக்கு வழங்கப்பட்டது. வலியைப் பற்றிய தம் பட்டறிவை ஃபிலிப் யான்சியுடன் இணைந்து 1993இல் நூலாக வெளியிட்டார். 2003ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள், தம் 88ஆம் அகவையில் அமெரிக்காவில் மறைந்தார்.

உணர்விழந்த மனிதர்களிடமிருந்து வலியின் அருமையைக் கற்று, அதை உணர்வுள்ள மனிதர்களுக்கு எடுத்துரைத்தது அவர்தம் வாழ்வு. காலின் சொல்லைக் கேட்டு நிற்கத் தெரிந்தவரே நெடுந்தொலைவு ஓடவல்லவர் என்பதை அவ்வாழ்வு நமக்கு உணர்த்துகிறது.