பள்ளிக்கூடத்தையும் பட்டறையையும் இணைத்த ஸர் எம்.வி.

பெங்களூர் கே.ஆர். சர்க்கிளைத் தாண்டிப் போகாத அங்கத்தினர் நம் சங்கத்தில் இருக்க முடியாது. அந்த வட்டாரத்தில் இரண்டு கல்வி நிலையங்கள் இருக்கின்றன. ஒன்று, 1917-ல் தொடங்கி, இன்று விஸ்வேஸ்வரய்யாவின் பெயரைத் தாங்கி நிற்கும் இன்ஜினியரிங் கல்லூரி. மற்றொன்று, ஸ்ரீ ஜெயசாமராஜேந்திரா பாலிடெக்னிக். முதலாவது அவர் திவானாக இருந்தபோது ஏற்பட்டது. இரண்டாவது, தமக்குச் சேர வேண்டிய சம்பளப் பணத்தைக் கொண்டு அவர் ஏற்படுத்தியது. கண்ணம்பாடி அணையைக் கட்டியவர் என்றுதான் அவரை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். படித்த பிள்ளைக்குப் பிழைப்புக்கு வழி காட்ட அவர் பட்ட பாடு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

நான் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் 31 வருஷம் உத்தியோகம் பார்த்தவன். அதில் பாதிக்கு மேல் அப்ரெண்டிஸ் பயிற்சிப் பள்ளியில். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய பையன், மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்தால் விழிப்பதைத் தினமும் பார்த்திருக்கிறேன். ஆறே மாதத்தில் அதே பையன் லேத் மிஷினில் தேர்ந்துவிடுவதையும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் ஸர் எம்.வி.யின் வாழ்க்கையில் இந்தப் பகுதி என்னை மிகவும் ஈர்க்கிறது.

மோக்ஷகுண்டம் விஸ்வேஸ்வரய்யா சிக்கபள்ளாபூர் அருகே முத்தேனஹள்ளி கிராமத்தில் செப்டம்பர் 15-ம் தேதி பிறந்தார். தகப்பனார் ஸ்ரீநிவாஸ சாஸ்திரி சம்ஸ்கிருத பண்டிதர். வீட்டில் வித்தை உண்டு, செல்வம் இல்லை. சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தார். பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் படிக்கும்போது, வசதியுள்ள ஒரு குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் சொல்லிக் கொடுத்துத்தான் தம் செலவைச் சமாளித்தார். 1881-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. பட்டம் பெற்றார்.

அதற்கு மேல் படிக்க வீட்டில் வழியில்லை. மைசூர் சமஸ்தானம் ஸ்காலர்ஷிப் கொடுத்து அவரைப் பூனா சயன்ஸ் காலேஜுக்கு அனுப்பியது. அப்போது மைசூரில் திவானாக இருந்தவர் நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த ரங்காசார்லு. பூனாவில் இன்ஜினியரிங் பரீக்ஷையில் முதலிடம் வாங்கினார். பம்பாய் அரசாங்கம் 1884-ல் அவரைப் பொதுப்பணித் துறையில் உதவி இன்ஜினியராக எடுத்துக்கொண்டது. ஸ்காலர்ஷிப், கல்லூரி, உத்தியோகம் என்று மூன்று படிகளும் ஒன்றோடொன்று சேர்ந்திருந்ததால் ஓர் ஏழைப் பையன் மேலே ஏறினான். இந்தப் படிக்கட்டு ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்பதே பிற்காலத்தில் அவர் செய்த பல காரியங்களுக்கு அடிப்படை என்று எனக்குத் தோன்றுகிறது.

பம்பாய் மாகாணத்தில் அவர் செய்த நீர்ப்பாசன வேலைகள், பூனா அருகே கடக்வாஸ்லாவில் அமைத்த தானியங்கி மதகுகள், ஹைதராபாத்தை வெள்ளத்திலிருந்து காக்கத் தீட்டிய திட்டம் ஆகியவை எல்லோரும் அறிந்தவை. நம் விஷயத்துக்கு முக்கியமானது 1898-ல் அவர் போன ஜப்பான் பயணம். ஒரு தலைமுறைக் காலத்துக்குள் அந்த நாடு பள்ளிகளையும் தொழிற்கல்வியையும் ஆலைகளையும் சேர்த்தே வளர்த்திருந்தது. அங்கே கண்டதை அவர் கடைசி வரை மறக்கவில்லை.

1909-ல் மைசூரின் சீஃப் இன்ஜினியராக வந்தார். 1911-ல், மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார் ஆதரவில் மைசூர் பொருளாதார மாநாடு தொடங்கியது. கல்வி, விவசாயம், தொழில்-வர்த்தகம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனிக் குழுக்கள். அதிகாரிகளோடு வியாபாரிகளும் விவசாயிகளும் படித்தவர்களும் உட்கார்ந்து பேசினார்கள். மாவட்டத்திலும் தாலுகாவிலும்கூடக் குழுக்கள் ஏற்பட்டன. பள்ளிக்கூடம் நடத்துபவரும் வேலை கொடுப்பவரும் ஊர்ப் பெரியவர்களும் ஒரே கூரையின் கீழ் கூட வேண்டும் என்று இன்று கருத்தரங்குகளில் பேசுகிறோம். மைசூரில் அது நூறு வருஷத்துக்கு முன்பே நடந்த காரியம்.

1912-ல் திவானானார். சமஸ்தானத்தில் அப்போது சுமார் 4,500 பள்ளிகள் இருந்தன. ஆறு வருஷத்தில் மேலும் 6,500 பள்ளிகள் திறக்கப்பட்டன. மாணவர் தொகை 1,40,000-லிருந்து 3,66,000 ஆக உயர்ந்தது. 1913-ல் கட்டாய ஆரம்பக் கல்விக்குச் சட்டம் வந்தது. அதே வருஷம் ஹெப்பாளில் விவசாயப் பள்ளி, அதே வருஷம் மைசூர் பாங்க். 1916-ல் மைசூர் பல்கலைக்கழகமும் வர்த்தக சபையும் தோன்றின. இவற்றைத் தனித்தனிச் சாதனைகளாகப் பட்டியல் போடுவது வழக்கம். சேர்த்துப் பார்த்தால்தான் அவருடைய கணக்கு புரியும். பள்ளி பிள்ளையைத் தயார் செய்யும். பாங்க் தொழில் தொடங்கப் பணம் கொடுக்கும். வர்த்தக சபை தொழில் நடத்துபவர்களை ஒன்று சேர்க்கும். இதில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் பட்டதாரி வேலையில்லாமல் திண்ணையில்தான் உட்கார வேண்டும்.

இதற்கு நல்ல உதாரணம் சந்தனம். மைசூர்க் காட்டுச் சந்தனக் கட்டைகள் ஏலத்தில் அயல்நாடு போய், அங்கேதான் எண்ணெயாகும். 1914-ல் உலக யுத்தம் மூண்டதும் கட்டை தேங்கிவிட்டது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துப் பேராசிரியர்கள் ஸட்பரோவும் வாட்ஸனும் எண்ணெய் வடிக்கும் முறையைச் சோதித்துக் கொடுத்தார்கள். 1916-ல் பெங்களூரில் எண்ணெய் ஆலை வந்தது. எஸ்.ஜி. சாஸ்திரி என்ற இளம் ரசாயன நிபுணர் சோப்புத் தொழில் கற்க இங்கிலாந்து அனுப்பப்பட்டார். அவர் கற்றுத் திரும்பிய வித்தைதான் இன்றும் நம் குளியலறைகளில் மணக்கும் மைசூர் சாண்டல் சோப். ஆய்வுக்கூடம், அரசாங்கம், ஆலை, வெளிநாட்டுப் பயிற்சி ஆகிய நான்கும் கை கோத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அவர் திவான் பதவியை விட்ட காரணத்தையும் சொல்லாமல் இருக்கக் கூடாது. அரசாங்க உத்தியோகங்களில் பிற்பட்ட சமூகத்தினருக்கு உரிய இடம் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. 1918-ல் மகாராஜா ஸர் லெஸ்லி மில்லர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தார். எல்லோருக்கும் கல்வியைப் பரப்பினால் போதும், நியமனத்தில் தகுதி ஒன்றையே பார்க்க வேண்டும் என்று நம்பிய விஸ்வேஸ்வரய்யா அந்த வருஷக் கடைசியில் விலகினார். பள்ளி வாசலையே மிதிக்க முடியாமல் தலைமுறைகளைக் கழித்தவர்கள் இன்னும் எத்தனை காலம் காத்திருப்பது என்று கேட்டதிலும் நியாயம் இருந்தது என்பதை நாம் மறுக்க முடியாது. எனக்குத் தெரிவது இதுதான்: அரசாங்க நாற்காலிகள் எண்ணிக்கையில் கொஞ்சம். அவற்றை மட்டுமே குறிவைத்து ஊரே படித்தால் யாராவது ஒருவர் ஏமாந்துதான் தீர வேண்டும். வெளியே தொழில் பெருகினால்தான் எல்லோருக்கும் இடம். அந்த வேலையை அவர் பதவி போன பிறகும் விடவில்லை.

1921-22-ல் பம்பாய் மாகாணத்துத் தொழிற்கல்விக் குழுவுக்குத் தலைமை வகித்தார். 1923 முதல் 1929 வரை பத்ராவதி இரும்பு ஆலையின் தலைவராக இருந்து, நஷ்டத்தில் கிடந்ததைத் தூக்கி நிறுத்தினார். 1927 முதல் 1955 வரை டாடா ஸ்டீலின் டைரக்டர். 1941-ல் தோன்றிய அகில இந்திய உற்பத்தியாளர் சங்கத்திலும் முன்னின்று உழைத்தார். மேலே சொன்ன பாலிடெக்னிக், பத்ராவதியில் உழைத்ததற்கு அவருக்குச் சேர வேண்டிய தொகையிலிருந்து 1940-களில் எழுந்தது. ஆரம்பத்தில் அதன் பெயர் ஆக்குபேஷனல் இன்ஸ்டிட்யூட். அதாவது, தொழிலுக்கென்றே ஏற்பட்ட பள்ளி. தம் பெயரை வைத்துக்கொள்ளாமல் மகாராஜாவின் பெயரை வைத்தார். 1955-ல் பாரத ரத்னா அவரைத் தேடி வந்தது. 1960-ல் நாடு அவருடைய நூற்றாண்டைக் கொண்டாடியபோது அவரே இருந்து பார்த்தார். 1962 ஏப்ரல் 14-ல் காலமானார். அதற்கு முந்தைய வருஷம்தான் தொழிற்சாலைகள் அப்ரெண்டிஸ்களை எடுத்துப் பயிற்சி தர வேண்டும் என்ற சட்டம் நாடு முழுவதற்கும் வந்திருந்தது.

நம் அகங்களில் பரீக்ஷை மார்க்குக்குக் கொடுக்கும் மதிப்பைக் கை வேலைக்குக் கொடுப்பதில்லை. பத்தாவது முடித்த பேரனிடம் என்ன ஆகப் போகிறாய் என்று கேட்டால் ஒரு கோச்சிங் சென்டரின் பெயரைச் சொல்கிறான். அவன் மேல் குற்றமில்லை. ஓர் ஆலையோ, ஆய்வுக்கூடமோ, ஆடிட்டர் ஆபீஸோ எப்படி நடக்கிறது என்பதை யாரும் அவனுக்குக் காட்டியதில்லை.

நம் சங்கத்தில் இன்ஜினியர்கள் இருக்கிறார்கள், டாக்டர்கள் இருக்கிறார்கள், பாங்க் அதிகாரிகளும் சிறுதொழில் நடத்துபவர்களும் சமையல் காண்ட்ராக்டர்களும் இருக்கிறார்கள். கோடை விடுமுறையில் அவரவர் வேலை பார்க்கும் இடத்துக்கு நாலு பிள்ளைகளை ஒரு வாரம் அழைத்துப்போய், கூட நிறுத்தி வேலையைக் காட்டினால் என்ன? பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். வருஷாவருஷம் செப்டம்பர் 15-ல் அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். வரும் ஏப்ரலில் இதைத் தொடங்கினால் அந்த மாலைக்கு அர்த்தம் உண்டாகும். முதல் வாரத்துக்கு நான் தயார்.